விழுந்த பல்லுக்கும் சார்ட்டில் இடம் வேண்டும்

மெடிக்கல் கோடிங், பில்லிங், அதாவது நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றி இன்ஷூரன்ஸிடம் கிளெய்ம் அனுப்பிப் பணம் கேட்கும் வேலை பற்றி இம்முறை வந்த கேள்விகளில் ஐந்து, பல் இழப்பைப் பற்றியவை. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அமெரிக்க பல் மருத்துவ கிளெய்ம்களைப் பார்க்கும் டீமுக்கு என்னை மாற்றி இரண்டு மாதம் ஆகிறது, மேடம். ஒரு நோயாளியின் சிகிச்சைக் குறிப்பில், அதாவது சார்ட்டில், "மேல் தாடையில் 8, 9 இல்லை. பகுதிப் பல் இழப்பு, கிளாஸ் 4" என்று டாக்டர் எழுதியிருந்தார். நான் கே08.404 போட்டேன். ஆடிட்டில் பிழை என்று வந்துவிட்டது. அதே நாள் குறிப்பில் மேலே, ஈறு நோயால் ஆடிப்போய் இரண்டு பற்களையும் எடுத்ததாகவும் இருந்தது. கிளாஸ் 4 என்று அவரே எழுதியிருக்கும்போது நான் செய்தது எப்படிப் பிழையாகும்?

பதில்: உங்கள் கோடில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. ஒன்றை நீங்களே கடைசி வரியில் சொல்லிவிட்டீர்கள். இன்னொன்றுதான் சற்று ஆழமானது, இந்தத் துறைக்குப் புதிதாக வரும் ஏறக்குறைய எல்லோரும் அதில் சறுக்குகிறார்கள், நானும் முதல் ஆண்டில் சறுக்கினேன், அதைச் சொல்லித்தர அப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

முதலில் எளிதானது. ஐசிடி என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் கே08.4 என்பது முளைத்து வளர்ந்த பற்களில் சிலவற்றைப் பிற்பாடு இழந்த நிலை. இந்தக் கோட் ஆறு எழுத்துகள் வரை போக வேண்டும், நடுவில் நிறுத்தினால் கிளெய்ம் செல்லாது. ஐந்தாவது எழுத்து காரணத்தைச் சொல்கிறது: 0 என்றால் காரணம் குறிப்பிடப்படவில்லை, 1 அடிபட்டது, 2 ஈறு நோய், 3 சொத்தை, 9 குறிப்பிடப்பட்ட வேறு காரணம். ஆறாவது எழுத்து கிளாஸ்: 1, 2, 3, 4, தெரியாவிட்டால் 9. ஐந்து காரணம், ஐந்து கிளாஸ், ஆக மொத்தம் 25 கோட். நீங்கள் போட்ட கே08.404 "காரணம் குறிப்பிடப்படவில்லை" என்கிறது. ஆனால் அதே நாள் குறிப்பில் ஈறு நோய் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். எனவே கே08.42 என்றுதான் தொடங்கியிருக்க வேண்டும். நோயறிதல் வரியை மட்டும் படித்துவிட்டுக் கோட் போடும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள், காரணம் பெரும்பாலும் நோயாளியின் வரலாற்றுப் பகுதியில்தான் உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் அந்தக் கிளாஸ் 4. பல் மருத்துவத்தில் பகுதிப் பல் இழப்பைக் கிளாஸ் 1 முதல் 4 வரை பிரிக்கும் முறைகளில் உங்கள் வேலைக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று எட்வர்ட் கென்னடி 1925-ல் வகுத்தது. உலகம் முழுக்கப் பல் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லித்தருவதும், டாக்டர்கள் பேச்சுவழக்கில் "கிளாஸ்" என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். இது இடைவெளி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறது. இரண்டு பக்கமும் பின்னால் பற்கள் இல்லாமல் திறந்துகிடந்தால் கிளாஸ் 1. ஒரு பக்கம் மட்டும் அப்படியென்றால் கிளாஸ் 2. ஒரு பக்க இடைவெளிக்கு முன்னும் பின்னும் பல் இருந்தால் கிளாஸ் 3. நடுக்கோட்டைத் தாண்டி முன்பற்கள் இல்லாமல் ஒரே இடைவெளியாக இருந்தால் கிளாஸ் 4. பல்செட்டை எப்படி வடிவமைப்பது, எந்தப் பக்கம் அது ஆடும், எங்கே கொக்கி போடுவது என்று திட்டமிடத்தான் இது உருவானது. நிலைமை எவ்வளவு மோசம் என்பதை இது அளப்பதே இல்லை.

இன்னொன்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிராஸ்தோடான்டிஸ்ட்ஸ் என்ற செயற்கைப்பல் நிபுணர்கள் அமைப்பு கொண்டுவந்த முறை. முழுப் பல் இழப்புக்கு 1999-லும் பகுதிப் பல் இழப்புக்கு 2002-லும் வெளியிட்டார்கள். இது சிக்கலின் அளவைச் சொல்கிறது. கிளாஸ் 1 என்றால் பாதிப்பு மிகக் குறைவு, கிளாஸ் 4 என்றால் மிகக் கடுமை. நான்கு விஷயங்களை வைத்து முடிவு செய்கிறார்கள்: இடைவெளி இருக்கும் இடமும் நீளமும், செயற்கைப்பல்லைத் தாங்கப்போகும் பக்கத்துப் பற்களின் நிலை, மேல் கீழ்ப் பற்கள் சேர்ந்து கடிக்கும் விதம், பல் போன இடத்தில் மிஞ்சியிருக்கும் எலும்பு. கீழ்த்தாடை எலும்பின் உயரம் 21 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு கிளாஸ், 16 முதல் 20 என்றால் அடுத்தது, 11 முதல் 15 அதற்கடுத்தது, 10 அல்லது அதற்குக் கீழே வந்துவிட்டால் நான்காவது. நான்கில் எது மிக மோசமோ அதுதான் நோயாளியின் கிளாஸ். மூன்று நன்றாக இருந்து ஒன்று மட்டும் மோசமாக இருந்தாலும் அந்த ஒன்றுதான் தீர்மானிக்கும்.

ஐசிடி கோடின் கடைசி எண் குறிப்பது இந்த இரண்டாவது முறையை. கென்னடியை அல்ல.

இப்போது உங்கள் சார்ட்டுக்கு வாருங்கள். 8, 9 என்பவை மேல் தாடையின் நடு வெட்டுப்பற்கள் இரண்டும். நடுக்கோட்டைத் தாண்டிய முன் இடைவெளி, ஆகவே கென்னடி கணக்கில் அது கிளாஸ் 4 தான், டாக்டர் எழுதியது சரி. ஆனால் சிக்கலை அளக்கும் முறையில், மேல் முன்பக்கம் இரண்டு வெட்டுப்பற்களுக்கு மிகாத இடைவெளி, மற்ற மூன்றும் நன்றாக இருந்தால், கிளாஸ் 1-லேயே அடங்கிவிடும். இருப்பதிலேயே லேசான நிலையில் இருக்கக்கூடிய ஒருவரை இருப்பதிலேயே கடுமையானவர் என்று நீங்கள் கிளெய்மில் அனுப்பியிருக்கிறீர்கள். தலைகீழாகவும் நடக்கும்: இரண்டு பக்கமும் கடைவாய்ப்பற்கள் எல்லாம் போய், எலும்பும் தேய்ந்து, சோற்றை மென்று தின்ன முடியாமல் இருப்பவருக்குக் கென்னடியில் கிளாஸ் 1. அதை அப்படியே கோடில் ஏற்றினால் "லேசான பாதிப்பு" என்று ஆகிவிடும், அவருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகும். இந்த இரண்டாவது வகைப் பிழைதான் எனக்கு அதிக வருத்தம் தருவது, ஏனென்றால் அதைக் கண்டுபிடித்துக் கேட்க நோயாளிக்கு வழியே இல்லை.

அப்படியானால் கிளாஸ் 1 என்று நீங்களே மாற்றிப் போடலாமா? கூடாது. பக்கத்துப் பற்கள் எப்படி, கடி எப்படி, எலும்பு எப்படி என்று பார்த்தவர் டாக்டர். நாம் பற்களை எண்ணிக் கிளாஸ் போட முடியாது. டாக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை கிளெய்மை நிறுத்திவைக்க முடியாது என்றால் கே08.429, அதாவது ஈறு நோயால் பகுதிப் பல் இழப்பு, கிளாஸ் குறிப்பிடப்படவில்லை. 9 போடுவதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தான் அந்த எண் இருக்கிறது. எல்லா சார்ட்டிலும் 9 போட்டுக்கொண்டே போனால்தான் டாக்டரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். "கிளாஸ் 3 என்று போட்டுக்கொள்ளலாமா, அப்போதுதான் பணம் வரும்" என்பதுபோல ஒரு வரி எழுதிவிட்டால் அது டாக்டரின் கையைப் பிடித்து எழுதவைப்பதாகிவிடும். இப்படிக் கேளுங்கள்: "இந்தத் தேதிக் குறிப்பில் கிளாஸ் 4 என்று உள்ளது. இது கென்னடி வகைப்பாடா, செயற்கைப்பல் நிபுணர்கள் அமைப்பின் வகைப்பாடா என்று தெளிவுபடுத்தவும். இரண்டாவது வகைப்பாட்டின்படி நோயாளியின் நிலையை உங்கள் பரிசோதனையின் அடிப்படையில் பதிவு செய்ய இயலுமா?" இவ்வளவு போதும்.

ஓர் அடையாளம் சொல்கிறேன். கிளாஸ் எண்ணுக்குப் பக்கத்தில் "மாடிஃபிகேஷன் 1", "மாடிஃபிகேஷன் 2" என்று ஏதாவது இருந்தால் அது கென்னடி முறைதான், சந்தேகமே வேண்டாம். இன்னொரு முறையில் அப்படி ஒரு சொல் கிடையாது. அந்தச் சொல் இல்லை என்பதற்காக அது கென்னடி இல்லை என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம், கென்னடியின் கிளாஸ் 4-க்கு மாடிஃபிகேஷனே கிடையாது.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பல் கிளினிக்கில் முன்மேசையில் இருக்கிறேன். கழற்றி மாட்டும் பல்செட்டுக்கும், பக்கத்துப் பற்களில் நிலையாகப் பொருத்தும் பிரிட்ஜுக்கும் அனுப்பும் கிளெய்ம்கள் அடிக்கடி திரும்பி வருகின்றன. எக்ஸ்ரே, கோட் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் டாக்டர் சொல்கிறார். வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: பல் எப்போது போனது என்று சார்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த வரையில் பாதிச் சிக்கல் அங்கேதான்.

பல டென்டல் பிளான்களில் ஒரு நிபந்தனை இருக்கும்: பிளானில் சேர்வதற்கு முன்பே போன பல்லுக்கு மாற்றுப்பல் வைக்கப் பணம் தரமாட்டார்கள். அதனால் "14 இல்லை" என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தப் பல், எந்த மாதம் அல்லது குறைந்தது எந்த ஆண்டு, யார் எடுத்தது, ஏன் எடுத்தது. வேறு கிளினிக்கில் எடுத்திருந்தால் அங்கிருந்து குறிப்பை வாங்குங்கள். நோயாளிக்குச் சரியாக நினைவில்லை என்றால் அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதுங்கள், "2019 வாக்கில் என்கிறார்" என்று. தேதியைச் சௌகரியத்துக்கு முன்னே பின்னே நகர்த்துவது மோசடி, அதன் விளைவு கிளினிக்கோடு நிற்காது, நோயாளியையும் இழுத்துக்கொண்டு போகும்.

அமெரிக்கன் டென்டல் அசோசியேஷன் கிளெய்ம் படிவத்தில் 33-வது கட்டம் இல்லாத பற்களுக்கானது, ஒவ்வொன்றின் மேலும் எக்ஸ் குறி போட வேண்டும். இந்த ஒரு வேலைக்காக வந்த பல்லை மட்டும் குறித்துவிட்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். பரிசீலிப்பவர் எக்ஸ்ரேயைப் பார்ப்பார், அதில் நான்கு பல் இல்லை, படிவத்தில் ஒன்றுதான் இல்லை, உடனே விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்புவார். வாயில் இல்லாத எல்லாப் பல்லும் அந்தக் கட்டத்தில் வர வேண்டும். அதேபோல 43-வது கட்டம், இது முதல் செயற்கைப்பல்லா, பழையதற்கு மாற்றா என்று கேட்கிறது. மாற்று என்றால் பழையதை வைத்த தேதி வேண்டும், பழையது ஏன் உதவவில்லை என்ற ஒரு வரியும் குறிப்பில் வேண்டும்.

பல் எண்ணிலும் ஒரு குழி இருக்கிறது. அமெரிக்காவில் 1 முதல் 32 வரை: மேல் வலது ஞானப்பல்லில் தொடங்கி மேல் இடதில் 16, கீழ் இடது ஞானப்பல் 17, சுற்றிவந்து கீழ் வலதில் 32. வெளிநாட்டில் பல் எடுத்தவர்களின் பழைய குறிப்பில் இரண்டு இலக்க முறை இருக்கும், அங்கே முதல் இலக்கம் தாடையின் கால்பகுதி, இரண்டாவது நடுவிலிருந்து எத்தனையாவது பல். அந்த முறையில் 14 என்றால் மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல், அமெரிக்க எண்ணில் அது 5. அமெரிக்க 14 மேல் இடது முதல் கடைவாய்ப்பல். வாயின் எதிர்ப்பக்கம்! பழைய குறிப்பிலிருந்து எண்ணை அப்படியே பெயர்த்தெழுதினால் இருக்கும் பல்லை இல்லை என்றும் இல்லாததை இருக்கிறது என்றும் கிளெய்ம் போகும்.

இன்னொன்று, பல் போய் நாளானால் பின்னால் இருக்கும் பல் முன்னே சாய்ந்து நகர்ந்துவிடும். முதல் கடைவாய்ப்பல் இருந்த இடத்தில் இரண்டாவது வந்து நிற்கும். எண் போடுவது பல்லின் அடையாளத்துக்கு, அது நிற்கும் இடத்துக்கு அல்ல. இப்படி நகர்ந்திருந்தால் டாக்டரை அதை ஒரு வாக்கியத்தில் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எக்ஸ்ரேயும் படிவமும் ஒன்றோடொன்று சண்டை போடும்.

கேள்வி: சைக்கிளிலிருந்து விழுந்து இரண்டு பல் வேரோடு வந்துவிட்ட ஒருவரின் அவசர சிகிச்சை சார்ட். கே08.41 போடலாமா, காயக் கோட் போட வேண்டுமா?

பதில்: அன்றைக்கு, அந்தக் காயத்துக்கான சிகிச்சை நடக்கும்போது காயக் கோட். பல் இடம்பெயர்ந்ததும் வேரோடு பெயர்ந்ததும் எஸ்03.2, பல் உடைந்தது எஸ்02.5. ஏழாவது எழுத்து வேண்டும், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் கட்டத்துக்கு ஏ. விபத்து எப்படி, எங்கே நடந்தது என்பதற்கான கோட்களையும் சேர்த்தால் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பக்கம் கேள்வி குறையும். மெடிக்கல் கிளெய்ம் அனுப்பும் சிஎம்எஸ்-1500 படிவத்தில் 10-வது கட்டம் வேலையிடமா, வாகன விபத்தா, வேறு விபத்தா என்று கேட்கிறது, அதைக் காலியாக விட்டுவிடாதீர்கள்.

காயம் ஆறி, அந்தப் பல் திரும்ப ஒட்டவில்லை என்று ஆகி, மாற்றுப்பல்லுக்காக அவர் சில மாதம் கழித்து வருகிறார் பாருங்கள், அப்போதுதான் கே08.41 வரிசை முன்னால் வரும். அடுத்து, அதே காயக் கோட் ஏழாவது எழுத்தாக எஸ் சேர்ந்து, பழைய காயத்தின் பின்விளைவு என்று சொல்ல. இந்த இரண்டாவது வருகையின் குறிப்பில் முதல் விபத்தின் தேதியை டாக்டர் மறுபடி எழுத வேண்டும். முதல் சார்ட் வேறு மருத்துவமனையில் கிடக்கும், இதைப் பரிசீலிப்பவருக்கு அது தெரியாது.

"அடிபட்டதால் போயிருக்கலாம்" என்று எழுதியிருந்தால் அதைக் காரணமாக எடுக்க முடியாது. வெளிநோயாளிச் சார்ட்டில் "இருக்கலாம்", "சந்தேகம்" எல்லாம் கோட் ஆகாது.

கேள்வி: வாயில் தெரியாத பல் எல்லாமே இழந்த பல்தானே? 20 வயதுப் பெண்ணுக்கு மேல் தாடையில் பக்க வெட்டுப்பல் இரண்டும் இல்லை, கே08.4 என்று போட்டு மறுப்பு வந்தது.

பதில்: இல்லை. பிறவியிலேயே அந்தப் பல் உருவாகாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் கே00.0. கே08.4-ஓடு அதைச் சேர்த்துப் போடக்கூடாது என்று கோட் புத்தகமே தடுத்திருக்கிறது. பக்க வெட்டுப்பல்லும் இரண்டாவது முன்கடைவாய்ப்பல்லும் இப்படிப் பிறவியிலேயே இல்லாமல் போவது சாதாரணமாகப் பார்ப்பது, ஞானப்பல்லைச் சொல்லவே வேண்டாம்.

அல்லது பல் உள்ளே எலும்பில் சிக்கியிருக்கலாம், அது கே01 வரிசை. அல்லது மேல் பகுதி மட்டும் போய் வேர் உள்ளே நிற்கலாம், அது கே08.3. மூன்றும் வாயைத் திறந்து பார்த்தால் ஒரே மாதிரி வெறும் ஈறாகத் தெரியக்கூடும், எக்ஸ்ரேதான் பிரித்துக் காட்டும். அதனால் "இல்லை" என்ற ஒரு சொல்லுக்குப் பதிலாக "எடுக்கப்பட்டது", "முளைக்கவில்லை, எக்ஸ்ரேயில் பல் இல்லை", "எலும்பினுள் உள்ளது" என்று டாக்டர் எழுதினால் மறுப்பே வந்திருக்காது. அந்தப் பெண்ணுக்கு இது சின்ன விஷயமல்ல. பிறவிக் குறை என்று பதிவானால் சில மெடிக்கல் பிளான்கள் வேறு விதமாகப் பரிசீலிக்கின்றன, அவருடைய பிளான் ஆவணத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். கோடைத் திருத்தி மறுபடி அனுப்பும் முன் டாக்டரின் குறிப்பு திருத்தப்பட வேண்டும், திருத்திய தேதியோடு, பழையதை அழிக்காமல்.

கேள்வி: அப்பா என்னோடு அமெரிக்காவில் இருக்கிறார், முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் உண்டு. தாடைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தருவதற்கு முன் ஆறு பல் எடுத்தார்கள், அதற்குப் பணம் வந்தது. இப்போது பல்செட்டுக்கு இல்லை என்கிறார்கள். சாப்பிட மிகவும் கஷ்டப்படுகிறார். கோட் தவறாகப் போட்டிருப்பார்களா?

பதில்: கோட் தவறு என்று தோன்றவில்லை. சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1862(ஏ)(12) பிரிவு பல் பராமரிப்பு, பல் எடுத்தல், மாற்றுப்பல் ஆகியவற்றை மெடிகேரிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. தாடைப் புற்றுநோய்க் கதிர்வீச்சுக்குத் தயார்செய்யப் பல் எடுப்பது அதற்கு விதிவிலக்கு, அதனால் அந்தப் பணம் வந்தது. அதே விதிவிலக்கு பின்னால் வைக்கும் பல்செட்டுக்கு நீள்வதில்லை. எடுக்கப் பணம் தந்துவிட்டு மெல்ல வழி செய்யாமல் விடுவது எனக்கும் நியாயமாகப் படவில்லை.

செய்ய முடிந்தது சில இருக்கின்றன. அப்பாவுக்கு இருப்பது தனியார் நிறுவனம் வழியாக வரும் மெடிகேர் அட்வான்டேஜ் பிளானா என்று பாருங்கள், அவற்றில் பலவற்றில் தனியாகப் பல் உதவி சேர்ந்திருக்கும். வருமானம் குறைவு என்றால் உங்கள் மாநில மெடிகெய்டையும் கேளுங்கள், பெரியவர்களுக்கான பல் உதவி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தாடை எலும்பையும் சேர்த்து எடுத்திருந்தால், அந்தக் குறையை மூடும் செயற்கை உறுப்பு சாதாரணப் பல்செட் கணக்கில் வராது, அறுவை செய்த டாக்டரிடம் அதைத் தனியாகக் கேளுங்கள். எங்கே விண்ணப்பித்தாலும் டாக்டரின் குறிப்பில் "பல் இல்லை" என்பதோடு அப்பா என்ன சாப்பிட முடிகிறது, என்ன முடியவில்லை, புற்றுநோய் சிகிச்சைக்கு முன் எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பது எண்ணோடு இருக்கட்டும். அடுத்த முறை போகும்போது அவர் ஒரு வாரம் சாப்பிட்டதை எழுதிக்கொண்டு போங்கள், அதைச் சார்ட்டில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்.